மார்ஷலுக்குப் போன ஒப்பாரி

கொர்தாவியா என்று ஒரு நாடு இந்தப் பூமியில் இருக்கிறது என்பது, பெண்சாதி செத்த அன்றைக்குத்தான் மாயாண்டிக்குத் தெரியவந்தது. அதுவரைக்கும் அவனுக்குத் தெரிந்த நாடுகள் இரண்டு. ஒன்று, நீ என்னுடைய ஆள் இல்லை என்று சொல்லிவிட்ட இலங்கை. மற்றது, கூப்பிடுகிறேன் கூப்பிடுகிறேன் என்று சொல்லிக் கடைசிவரை கூப்பிடாத இந்தியா. எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது, சுப்பம்மாவையும் ஒரு அண்டாவையும் தூக்கிக்கொண்டு வன்னிக்கு ஓடிவந்தவன் அவன். தர்மபுரத்தில் காடு வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், ஐந்தாறு வருசமாக மிளகாயும் வைத்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. மிளகாய்க் கன்றுகளைத்தான் சுப்பம்மா பெயர் சொல்லிக் கூப்பிடாத குறையாக வளர்த்தாள்.

அந்த மிளகாய்த் தோட்டத்துக்குள்ளேதான் அவளைப் புடையன் பாம்பு கடித்தது. டிராக்டர் பெட்டியில் போட்டு டவுன் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவருகிற வழியிலேயே சீவன் போய்விட்டது. போவதற்கு முன்னால் அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "என்னைய நம்ம மண்ணுல வையி." சொல்லிவிட்டு அவன் கையைப் பிடித்தாள். பிடித்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

அது பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்று நினைப்பீர்கள். தோட்டத்தில் பிறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே செத்தவனைப் புதைக்கத் துரையிடம் கேட்க வேண்டும். துரை கையைக் காட்டுகிற இடத்தில் புதைக்க வேண்டும். அடுத்த துரை வந்து அதற்கு மேலே தேயிலை நடுவான். சுப்பம்மாவின் அம்மாவுக்கு மேலே இப்போது நல்ல கொழுந்து வருகிறதாம். தர்மபுரத்தில் மட்டும்தான் அவர்கள் சுடலைக்கென்று ஒரு துண்டைத் தாங்களாகவே துப்பரவாக்கி வைத்திருந்தார்கள். யாரையும் கேட்கத் தேவையில்லாத ஒரே நிலம் அது.

ஆனால் பாம்பு கடித்த சாவு சும்மா சாவு இல்லை, சட்டப்படியான சாவு. மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் பிணத்தை வெளியே விடலாம். பிண அறையில் வேலை செய்த யோசெப், முல்லைத்தீவுக் கரையில் இருந்து வந்த மனிதர், இதை மாயாண்டிக்கு மெதுவாக எடுத்துச் சொன்னார். ஐஸ் கிடையாது என்பதையும் சொன்னார். "வெய்யில் பொல்லாதது, தம்பி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எடுத்துப்போடு. பிறகு உன்னாலயும் பார்க்கேலாது, என்னாலயும் பார்க்கேலாது."

மாயாண்டி டிராக்டர்காரனிடம் செய்தி சொல்லி அனுப்பினான். சுப்பம்மாவின் அக்கா பேச்சியம்மா தர்மபுரத்துச் சனத்தைத் திரட்டிக்கொண்டு நாளைக்கு மத்தியானம் ஆசுப்பத்திரி வாசலுக்கு வரட்டும், அதற்குள் கையெழுத்து வாங்கிவிடுவேன் என்றான். பாவம், அப்படித்தான் நம்பினான்.

மரண விசாரணை அதிகாரி அப்புத்துரை வீட்டில் இல்லை. அவர் வன்னிப் பிராந்திய மகாசபையின் எதிரணித் தலைவரும் ஆகையால், மகாசபையில் இருந்தார்.

இந்த மகாசபையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. உங்களுக்கு அதிகாரம் தருகிறோம் என்று கொழும்பு ஒரு கட்டடத்தைக் கட்டித் தந்தது. அதிகாரம் பின்னால் லொறியில் வருகிறது என்றார்கள். லொறி இன்னும் வவுனியாவைத் தாண்டவில்லை. அதுவரைக்கும் உறுப்பினர்கள் சும்மா இருக்கக்கூடாதே என்று கதிரைகள் மட்டும் வந்தன. சிவப்புப் பட்டு மெத்தை வைத்த கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு கழுகும், அதன் கீழே 'கொர்தாவிய மக்களின் அன்பளிப்பு' என்ற எழுத்தும் இருந்தன. அந்த மக்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கொடுத்தவர் அவர்களுடைய தலைவர், மார்ஷல் தொர்வான்.

அந்த மார்ஷல்தான் முந்தினநாள் செத்துப்போனார். நித்திரையில், நல்ல வயதில், சொந்தக் கட்டிலில். கொழும்பிலிருந்து தந்தி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வரை துக்கம் காக்க வேண்டும். எல்லாச் சபைகளும் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குச் சங்கு ஊதும், நாடு முழுக்க இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும்.

மாயாண்டி போய்ப் பார்வையாளர் வாங்கில் குந்தினான். அவனைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. மகாசபைத் தலைவர் யோகநாதன் கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு எழும்பினார். மார்ஷல் தொர்வான் ஏழைகளின் தோழன் என்றார். அவருடைய ஆட்சியில் கொர்தாவியாவில் ஒரு வேலைநிறுத்தம்கூட நடக்கவில்லை என்றார். ஒருவர்கூட அவரைக் குறை சொன்னதில்லை, சொன்னவர்களையும் பிறகு காணக் கிடைக்கவில்லை என்றார். கடைசியாகக் கதிரையைத் தடவிக்கொண்டு, "வெளிநாட்டவர் எண்டாலும் அவரும் மனுசன்தானே. மனுசன் செத்தால் மனுசன் அழவேணும். இது தமிழ்ப் பண்பாடு" என்று முடித்தார்.

அப்புத்துரை எழும்பினார். அவர் எழும்புவதே ஒரு விசேசம். வேட்டியைச் சரிசெய்வார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார், ஒன்றும் தெரியாததால் திரும்பப் போடுவார்.

"கௌரவ தலைவர் அவர்களே, ஆரிந்த தொர்வான்? விசாரணை இல்லாமல் ஆயிரமாயிரம் பேரை அடைச்சு வைச்சவன். அது கிடக்கட்டும். செத்தவையின்ர உடம்பைச் சொந்தக்காரரிட்டக் குடுக்காமல் வைச்சிருந்தவன். பெத்த தாய் வாசலில நிண்டு கத்துறாள், கட்டின புருசன் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறான், ஒரு கையெழுத்து, ஒரேயொரு கையெழுத்துப் போட ஆளில்லை. பிணத்தை அழுகவிடுற அரசாங்கமும் ஒரு அரசாங்கமோ?"

மாயாண்டிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடவுளே, இந்த மகாராசன் எனக்காகத்தானே பேசுகிறார் என்று நினைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தன்னை மறந்து எழும்பிக் கும்பிட்டான். "ஆமாங்கய்யா. அதுதாங்கய்யா. அந்தக் கையெழுத்துத்தாங்க வேணும்."

சபையில் ஒரே அமளி. பார்வையாளர் பேசலாமா என்பது பற்றி ஒழுங்குப் பிரச்சினை கிளம்பியது. சேவகன் வந்து அவன் தோளை அமர்த்தி உட்காரவைத்தான். அப்புத்துரை மட்டும் நெகிழ்ந்துபோனார். பாருங்கள், கொர்தாவிய மக்களின் துயரம் வன்னிப் பாட்டாளியின் வாயில் வருகிறது, இதைக் குறிப்பில் எழுதுங்கோ என்றார். எழுதினார்கள்.

அதன்பிறகு எதிரணி, இரத்தக் கறை படிந்த இந்தக் கதிரைகளில் இனி இருக்கமாட்டோம் என்று அறிவித்து எழும்பி நின்றது. நெடுநேரம் நின்றது. வயதான உறுப்பினர்களுக்கு முழங்கால் விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. ஒருவர் தூணில் சாய்ந்தார், இன்னொருவர் மேசையில் குந்தினார். கடைசியில், கண்டனத்தோடு இருக்கலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்து, எல்லாரும் கண்டனத்தோடு மெத்தையில் இருந்தார்கள்.

தேநீர் இடைவேளையில் மாயாண்டி ஓடிப்போய் அப்புத்துரைக்கு முன்னால் நின்றான். சுப்பம்மாவைப் பற்றிச் சொன்னான். பாம்பைச் சொன்னான், வெய்யிலைச் சொன்னான். ஆசுப்பத்திரி இருநூறு கெஜத் தூரம்கூட இல்லை, ஒரு எட்டு வந்துவிட்டுப் போனால் போதும் என்றான்.

அப்புத்துரை வடையை வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார். "நான் இப்ப ஒரு சர்வாதிகாரியோட மல்லுக்கட்டிக்கொண்டு நிக்கிறன், காணும். இந்த நேரத்தில சொந்த அலுவலைக் கொண்டுவாறீர்."

அதோடு, துக்கநாளில் உத்தியோகக் கையெழுத்து வைக்கக்கூடாது என்று தந்தியில் இருக்கிறதாம். துக்கமே கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்தான் இதையும் சொன்னார். தலைவர் யோகநாதன் பக்கத்தில் நின்று தலையாட்டினார். அன்றைக்கு இரு தரப்பும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

ஒரு இளம் உறுப்பினர் கொஞ்சம் இரக்கப்பட்டார். செத்தவள் எந்த நாட்டுப் பிரசை என்று கேட்டார். எந்த நாடும் இல்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று மாயாண்டி சொன்னான். அவர் உண்மையாகவே கவலைப்பட்டு உதட்டைப் பிதுக்கினார். "வெளிநாட்டுக்காரி எண்டால் தீர்மானத்தில ஒரு திருத்தம் போட்டுச் சேர்த்திருக்கலாம். இது ஒரு நாட்டிலயும் இல்லாத ஆள். எந்தப் பிரிவில கொண்டுவாறது?"

சபை பொழுதுபட ஒத்திவைக்கப்பட்டது. யோசெப் வேப்பிலையும் மரத்தூளும் போட்டு, சுப்பம்மாவைத் தன்னால் முடிந்தமட்டும் பார்த்துக்கொண்டார். மூடுவதற்குக் கோடித் துணி வாங்கலாம் என்று மாயாண்டி கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போனான். வெள்ளைத் துணி ஒரு முழம்கூட இல்லை. எல்லாவற்றையும் மார்ஷலுக்குக் கொடி கட்ட மகாசபை எடுத்துவிட்டதாம். திரும்பி வரும்போது பார்த்தான். சந்தி முழுக்க, தந்திக் கம்பம் முழுக்க, சுப்பம்மாவை நூறு தடவை சுற்றக்கூடிய துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்றைப் பிடுங்கினால் என்ன என்று கை போனது. பக்கத்தில் பொலிஸ்காரன் நின்றான்.

மறுநாள் காலை தொடங்கிய சபையில், 'ஆழ்ந்த அனுதாபம்' என்பதில் எவ்வளவு ஆழம் என்ற விவாதம் நடந்தது. ஓரளவு ஆழம் போதும் என்று ஒரு திருத்தம் வந்தது. ஆழமே வேண்டாம், மேலெழுந்தவாரியான அனுதாபம் என்று போடலாம் என்றார் ஒருவர். மேலெழுந்தவாரியாக என்றால் அது மகாசபையின் வழமைதானே, தனியாகச் சொல்ல வேண்டுமோ என்று இன்னொருவர் கேட்டார். வாங்கில் இருந்த மாயாண்டி வெய்யில் ஏறுவதை யன்னலுக்குள்ளால் பார்த்தபடி இருந்தான். நிழல் சுவரடிக்கு வந்துவிட்டது. சுப்பம்மாவின் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம், இப்போது அது எப்படி இருக்கும் என்ற நினைப்பும் கூடவே வந்து அவனைக் கொன்றது.

மத்தியானத்துக்குக் கிட்ட, அப்புத்துரை வெளிநடப்புச் செய்தார். வெறும் வெளிநடப்பு இல்லை. மார்ஷல் தொர்வானின் கொடும்பாவி வெளியே தயாராக இருந்தது. வைக்கோலும் சாக்கும் கொண்டு செய்த உருவம். அதைப் பாடையில் கிடத்தி, தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். நல்ல கோடித் துணி. பறையும் பிடித்திருந்தார்கள். பாடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சந்தி வெளியில் எரிப்பதாகத் திட்டம்.

மாயாண்டி குறுக்கே போய் விழுந்தான். "ஐயா, ஒரு எழுத்துப் போட்டுட்டுப் போங்கய்யா. சனம் வந்துரும்ங்க."

"ஊர்வலத்தோட வாரும். முடிஞ்ச கையோட நானே வாறன்" என்றார் அப்புத்துரை. சொல்லிவிட்டு அவனை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். சவரம் செய்யாத முகம், அழுத கண், சட்டை இல்லாத மேல், தோளில் ஒரு துண்டு. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அவனைப் பாடைக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்கவிட்டார். கையெழுத்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மாயாண்டியும் நடந்தான்.

ஆசுப்பத்திரி முடக்கில் பாடை திரும்பவும் தர்மபுரத்து டிராக்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெட்டி நிறையச் சனம். பேச்சியம்மா முன்னால் நின்றாள். அவள் என்ன கண்டாள்? பறை அடிக்கிறது. வெள்ளைத் துணி மூடின பாடை போகிறது. பின்னால் மாயாண்டி அழுதுகொண்டு போகிறான். வேறு என்ன நினைப்பாள் அந்த மனுசி?

"ஏ தங்கச்சி" என்று ஒரு குரல் எடுத்தாள். அவ்வளவுதான். பெட்டியில் நின்ற பெண்கள் எல்லாரும் குதித்து ஓடிவந்து பாடையில் விழுந்தார்கள். தலைமயிரை அவிழ்த்துவிட்டு மாரில் அடித்து அழுதார்கள். தேயிலை மலையில் கூடப் பிறந்ததைச் சொல்லி, லயம் எரிந்ததைச் சொல்லி, கட்டின சேலையோடு ஓடிவந்ததைச் சொல்லி, காடு வெட்டிய கையைச் சொல்லி ஒப்பாரி வைத்தார்கள். கொர்தாவியாவில் மார்ஷலுக்கு அப்படி யாரும் அழுதிருக்கமாட்டார்கள்.

மாயாண்டி கத்தினான். இது அவள் இல்லை, இது வைக்கோல் என்று கத்தினான். பறைச் சத்தத்தில் பாதி போய்விட்டது. மீதியைக் கேட்டவர்கள், துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்கள். அவன் பேச்சியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். "மதினி, அது சுப்பம்மா இல்ல மதினி."

பேச்சியம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஆமா தம்பி. இனிமே அது சுப்பம்மா இல்ல. அவ போயிட்டா. மனச விட்டுராத."

முகத்துணியை விலக்க ஒருத்தி கையை நீட்டியபோது, இரண்டு நாள் வெய்யிலில் கிடந்த உடம்பு, பார்க்க வேண்டாம் என்று பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார்.

இதையெல்லாம் மகாசபை விறாந்தையில் நின்று யோகநாதன் கண்டார். அவருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது. மார்ஷலுக்காக மக்கள் தெருவில் விழுந்து புரள்கிறார்கள் என்று உடனே கொழும்புக்கு டெலிபோன் எடுத்தார். பாடையோடு நடந்த அப்புத்துரையும் கொஞ்சம் திகைத்தார்தான். ஆனால் கொடுங்கோலனுக்கு எதிராக மக்கள் மாரில் அடித்துக்கொண்டு திரண்டுவிட்டார்கள் என்று அவருக்கும் பிடிபட்டது. ஒரே அழுகை இரண்டு பேருக்கும் போதுமானதாக இருந்தது.

சந்தி வெளியில் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். சுடப்போகிறார்கள் என்று கண்டதும் பேச்சியம்மா ஒரு நிமிசம் தயங்கினாள். நம் மண்ணில் வைக்கச் சொன்னவளாயிற்றே. உடம்பு பழுதாகிவிட்டது, டாக்டர்மார் எரிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். பிள்ளை இல்லாதவளுக்குப் புருசன்தானே கொள்ளி வைக்க வேண்டும். நாலு பேர் அவன் கையைப் பிடித்துப் பந்தத்தைத் திணித்து வைக்கவைத்தார்கள். வைக்கோல் அல்லவா, குப்பென்று பற்றிக்கொண்டது. எதிரணி கைதட்டியது. தர்மபுரத்துச் சனத்துக்கு அந்தக் கைதட்டு விளங்கவில்லை. டவுன் வழக்கமாக்கும் என்று நினைத்துக்கொண்டு குளத்தில் தலைமுழுகப் போனார்கள்.

பிடி விட்டதும் மாயாண்டி ஓடியது அப்புத்துரைக்குப் பின்னால். அவர் மகாசபைக்குள்ளே போய்விட்டார். கதவைச் சாத்திவிட்டார்கள். ஏனென்றால் தீர்மானம் நிறைவேறுகிற நேரம். 'இச்சபை அனுதாபம் தெரிவிக்கவில்லை. ஆயினும் மக்கள் சிந்திய கண்ணீரைச் சபை கவனத்தில் கொள்கிறது' என்று ஏகமனதாக முடிந்தது. இரு தரப்பும் கைகுலுக்கிக்கொண்டன. கதவு திறந்தபோது அப்புத்துரை பின்வாசலால் காரில் போய்விட்டார். மாயாண்டி குளக்கரைக்கு ஓடினான். டிராக்டரும் போய்விட்டது. மணலில் ஈரக் காலடிகள்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை அப்புத்துரையின் வீட்டு வாசலில் அவனைக் கண்டதும், அவர் உபசாரமாகத்தான் பேசினார். நேற்று ஊர்வலத்தில் நன்றாகச் செய்தீர் என்றார். ஊர்வலச் செய்தி வந்த பத்திரிகையை எடுத்துக் காட்டினார். சுப்பம்மாவின் பெயரைக் கேட்டதும்தான் நெற்றியைச் சுருக்கினார். சாவு பதிகிற பதிவுகாரர் நேற்றே வந்து, அந்தப் பெயருக்குத் தகனம் நடந்ததா என்று அவரிடம் கேட்டாராம். தர்மபுரத்துப் பெரியவர்கள், வழமைப்படி, சாவைப் பதிந்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார்களாம். சுப்பம்மா, பாம்புக் கடி, சந்தி வெளியில் தகனம்.

"நீர்தான் கொள்ளி வைச்சது. நான் பக்கத்தில நிண்டு கண்ணால கண்டனான். ஒரு ஆளுக்கு ரெண்டு தரம் செத்தவீடு செய்யச் சட்டத்தில இடமில்லை, காணும்."

"அப்ப உள்ள கெடக்கிறது யாருங்கய்யா?"

அப்புத்துரை உண்மையாகவே யோசித்தார். நல்ல கேள்வி என்றார். பேனாவை எடுத்தார். இரண்டு நாளாக வராத கையெழுத்து இப்போது ஒரு நொடியில் வந்துவிட்டது. உரிமை கோரப்படாத சடலம், பெண், ஊர் தெரியாது. அன்றைக்கே பின்னேரம் அரச செலவில் டவுன் சுடலையில் அநாதைகளுக்கென்று ஒதுக்கிய மூலையில் புதைக்க வேண்டும். சொந்தக்காரர் எவரிடமும் ஒப்படைக்கக்கூடாது. எல்லாம் முறைப்படி இருந்தது.

மாயாண்டி தர்மபுரத்துக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் திரும்பி வருவதற்குள் மண்ணைப் போட்டிருப்பார்கள். அவன் ஆசுப்பத்திரிக்கு வந்து யோசெப்பிடம் எல்லாவற்றையும் சொன்னான். யோசெப், சுடலைக்கு ஒரு கூலி ஆள் பிடிக்கத் தனக்கு அனுமதி இருக்கிறது என்றார். "புருசனெண்டு வாயைத் திறந்திடாதை, தம்பி. திறந்தால் உன்னைக் கேற்றுக்கு வெளிய விட்டிடுவாங்கள்."

பின்னேரம் மேற்பார்வைக்கு வந்த சுகாதார அதிகாரி குழியடியில் குடையோடு நின்றார். இவன் யார் என்று கேட்டார். யோசெப் வாயைத் திறக்கமுதல் மாயாண்டியே சொன்னான்.

"கூலிங்க."

அந்த ஒரு சொல்லை அவன் அப்பனும் பாட்டனும் தோட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். சுப்பம்மாவுக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. இங்கே வந்தபிறகு யாராவது கூலி என்றால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். நாங்க விவசாயி என்பாள்.

குழியை அவன்தான் வெட்டினான். பழைய பாயில் சுற்றின உடம்பை இரண்டு பேருமாக இறக்கினார்கள். யோசெப் அதிகாரி பார்க்காத பக்கம் திரும்பிச் சிலுவை போட்டுக்கொண்டார், அவருக்குத் தெரிந்த செபம் அதுதான். மாயாண்டி குழிக்குள்ளே நின்றபடி பாயின் தலைமாட்டைச் சரிசெய்தான். துணியும் இல்லை, பறையும் இல்லை. அழ ஒரு பெண் குரல் இல்லை. அவளுக்குச் சேரவேண்டிய அழுகையை எல்லாம் ஒரு வைக்கோல் மார்ஷல் கொண்டுபோய்விட்டார். ஆம்பிளை ஒப்பாரி வைப்பதில்லைதான். இருந்தாலும் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அவன் பாய்மேல் கையை வைத்தான். "ஏ சுப்பம்மா" என்று பெருங்குரல் எடுத்தான்.

அந்த நேரம் பார்த்து அரிசி ஆலைச் சங்கு ஊதியது. நாலு மணி.

அதிகாரி குடையை மடக்கித் தலையைக் குனிந்து விறைப்பாக நின்றார். வீதியில் போன பஸ் நின்றது. சைக்கிள்காரர்கள் இறங்கினார்கள். சந்தியில் பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றினான். கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை நாடு முழுக்கத் தலைகுனிந்து நின்றது. சுப்பம்மா உயிரோடு இருந்தபோது ஒருதரமும் அவளை ஏறெடுத்துப் பார்க்காத நாடு அது.

மாயாண்டியின் குரல் மட்டும் கேட்டது. அதிகாரி தலையைக் குனிந்தபடியே, கோபம் இல்லாமல், ஒரு பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சத்தம் போடாதையும். இப்ப துக்கம் காக்கிற நேரம். முடிஞ்சாப்பிறகு அழும்."

மாயாண்டி வாயில் துண்டை அடைத்துக்கொண்டு நின்றான். சங்கு மறுபடி ஊதியது, பஸ் கிளம்பியது. அதிகாரி குடையை விரித்துக்கொண்டு, பொழுது போகுது, கெதியாய் மூடு என்றார். கூலிக்காரன் மண்வெட்டியை எடுத்தான்.